செட்டிநாட்டில் யாருக்கு எதில் வேலை? டைல்ஸ், பலகாரம், பங்களா ஹோட்டல் என்பதெல்லாம் எவ்வளவு தூரம் உண்மை?

தேவகோட்டை ரஸ்தா
3 ஆகஸ்ட் 2025, காலை

செட்டிநாட்டுப் பொருளாதாரம்னாலே ஆத்தங்குடி டைல்ஸ், கண்டாங்கிச் சேலை, பலகாரம், பங்களா ஹோட்டல்னு நாலையும் வரிசையா ஒப்பிச்சிடுறாங்க. அந்த நாலுலயும் உள்ள ஆளை மொத்தமாக் கூட்டினாலும், காலையில தூக்குச்சட்டியோட கட்டட வேலைக்குக் கிளம்புற கூட்டத்துல பாதி தேறாதுங்கிறது என் கட்சி. துறைவாரியா எத்தனை பேர்னு எங்க பார்க்குறது? கணக்குத் தெரிஞ்சவங்க வாங்க. "விவசாயம் செத்துப்போச்சு"ன்னு மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

கணக்கப்பிள்ளை
3 ஆகஸ்ட் 2025, இரவு

செட்டிநாடு என்று எந்த அரசு அட்டவணையிலும் ஒரு வரி கிடையாது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம், ராங்கியம், பொன்னமராவதிப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். சிவகங்கை மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 13,39,101. அதில் திருப்புவனம், மானாமதுரை, இளையான்குடி எல்லாம் அடக்கம். வைகைப் பாசனத்தையும் இளையான்குடி மிளகாயையும் சேர்த்துப் பிசைந்த மாவட்டச் சராசரியை எடுத்து "இதுதான் செட்டிநாடு" என்று சொன்னால் அங்கேயே கணக்கு கெட்டுவிடும்.

இருக்கும் ஆவணங்கள் இவை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: ஊர்வாரியாகக் கிடைக்கும். ஆனால் உழைப்போரை நாலே பெட்டியில் போடும்: பயிரிடுவோர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவை. கொத்தனார், வாத்தியார், வங்கி மேலாளர், ஆட்டோக்காரர் நாலு பேரும் "மற்றவை". ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மை உழைப்பாளர், குறைந்தால் குறுகிய கால உழைப்பாளர்.

பொருளாதாரக் கணக்கெடுப்பு: ஆறாவது, 2013–14. கடை, பட்டறை, வீட்டில் நடக்கும் தொழில் என்று இடம் இடமாகப் போய் எண்ணியது. பயிர்த்தொழிலும் அரசு நிர்வாகமும் இதில் வராது.

தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கு: மின்சாரம் உண்டென்றால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் வேலை செய்து, பதிவும் ஆன ஆலைகள். நம் பக்கத்துப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்தச் சல்லடைக்குக் கீழேயே விழுந்துவிடும்.

உழைப்புப் படை ஆய்வு: வீட்டுக்குப் போய்க் கேட்பது. துறை, தொழில், கூலியா சம்பளமா எல்லாம் வரும். மாதிரி ஆய்வு என்பதால் ஒரு ஊருக்கோ ஒரு வட்டத்துக்கோ இறக்க முடியாது.

உங்கள் கட்சி சரியா என்று கேட்டால், எந்தப் படிவத்தில் என்று திருப்பிக் கேட்பேன்.

சரக்கு மாஸ்டர்
4 ஆகஸ்ட் 2025

நாலு பேர் நாலு கணக்கு எடுத்தா சமையக்காரன் எதுல வருவான்? சொல்லுங்க பாப்போம்.

கணக்கப்பிள்ளை
4 ஆகஸ்ட் 2025

சமையல்காரர் என்பது கைத்தொழில். துறை என்பது அவருக்குச் சம்பளம் தரும் இடம் என்ன செய்கிறது என்பது. தேசியத் தொழில் வகைப்பாடு 2008-இன் படி கல்யாண ஒப்பந்தச் சமையலும் மெஸ்ஸும் பிரிவு 56. கல்லூரியே நேரடியாக நடத்தும் விடுதியில் சமைத்தால் 85, கல்வி. கோயில் அன்னதானத்தில் கோயில் சம்பளத்தில் இருந்தால் 94. ஒரு பெரிய வீட்டில் ஆச்சிக்கு மட்டும் சமைத்தால் 97. பலகாரம் சுட்டு டப்பாவில் அடைத்துக் கடைகளுக்குப் போடும் இடத்தில் இருந்தால் 10, உணவுப் பொருள் உற்பத்தி. கரண்டி ஒன்றுதான், பெட்டி ஐந்து.

சரக்கு மாஸ்டர்
4 ஆகஸ்ட் 2025

அப்ப நான் கல்வித்துறை!

கண்ணாடிப் பலகை
6 ஆகஸ்ட் 2025

டைல்ஸுக்கும் இதே கூத்துதான். வேலை நடக்குற வரிசையைச் சொல்றேன், ஆளு எங்கெங்க பிரியுதுன்னு பாருங்க.

கண்ணாடியத் துடைச்சு அது மேல இரும்புச் சட்டம். சட்டத்துக்குள்ள பூ அச்சு. வெள்ளை சிமெண்ட்ல ஆக்சைடு கலந்த சாயக் கலவையக் குழியா குழியா ஊத்துறது மாஸ்டர் வேலை. அச்சைத் தூக்கினதும் மேல சிமெண்டும் மணலும் காய்ஞ்ச கலவையாத் தூவி ஈரத்தை இழுக்க விடணும். அதுக்கு மேல ஈரக் கலவை, கரணையால மட்டம். உலரவிட்டு, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு, வெயில்ல காயவச்சா கண்ணாடி தானா விடும். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலேருந்து வருது, அதனால கண்ணாடியில கீறல் இருந்தா டைல்ஸ் முகத்துலயும் கீறல் இருக்கும்.

கெடுற இடம்: சாயத்துல தண்ணி கூடினா பூவோட ஓரம் கசியும். தூவுற கலவை பத்தலைன்னா பின்பக்க ஈரம் முகத்துக்கு ஏறி நிறம் திட்டுத் திட்டா நிக்கும். ஊறுற நாளைக் குறைச்சா ஓரம் பொரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில காயவே காயாது, பட்டறையில பாதிப்பேருக்கு வேலை இருக்காது.

இப்ப ஆளுக் கணக்கு. ஊத்துறவர், கலவை போடுறவர், தொட்டிக்குத் தூக்குறவர் மூணு பேரும் உற்பத்தி. தளத்துல பதிக்கிறவர் கட்டுமானம். கடை வச்சு விக்கிறவர் சில்லறை வியாபாரம். லாரி போக்குவரத்து. ஆத்தங்குடிக்காரர் ஒருத்தர் பெங்களூர்ல பதிக்கப் போயிருந்தா அவர் டைல்ஸ் தொழிலா இல்லையா?

கணக்கப்பிள்ளை
6 ஆகஸ்ட் 2025

பதிப்பவர் 43, கட்டுமானத்தின் முடிப்பு வேலை. ஊற்றுபவர் 23, சிமெண்டு, கண்ணாடி போன்ற பொருள் உற்பத்தி. ஒரே பட்டறை ஊற்றவும் செய்து பதிக்கவும் செய்தால், மதிப்பு எதில் அதிகம் கூடுகிறதோ அதுவே முழுப் பட்டறைக்கும் குறியீடு. ஆகவே "டைல்ஸ் தொழிலில் இத்தனை பேர்" என்று ஒரே எண்ணை அடித்து விடுகிறவரிடம் எந்தக் குறியீடுகளைக் கூட்டினீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

பெங்களூரில் இருப்பவர் அங்கேயே தங்கிவிட்டால் அங்கே எண்ணப்படுவார். சில வாரம் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் என்றால் ஆத்தங்குடி வீட்டில் எண்ணப்படுவார். வேலை பெங்களூரில், ஆள் நம் பட்டியலில்.

பாவுநூல்
9 ஆகஸ்ட் 2025

தறியில் இதைவிட மோசம். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் பெரிதானது. வேலையில் இருப்பவர் எண்ணிக்கை மட்டும் தாளில் எப்போதும் குறைவாகவே ஏறும்.

ஒரு தறி ஓட நெய்பவர் ஒருவர் போதாது. நூலுக்குச் சாயம், பாவு (நீள நூல்) ஓட்டுதல், கஞ்சி போட்டு விரித்தல், பழைய பாவின் இழையோடு புதியதைப் பிணைத்தல், குறுக்கு நூலுக்குத் தார் சுற்றுதல். இதில் தார் சுற்றுவது அநேகமாக அந்த வீட்டுப் பெண்ணோ, வயதானவரோ. கணக்கெடுப்பவர் வாசலில் நின்று "அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்றால் "வீட்டுலதான் இருக்காங்க" என்று பதில் வரும். உழைப்புப் படை ஆய்வின் வேலைநிலைக் குறியீட்டில் (துறைக் குறியீடு வேறு) அது 92, வீட்டுப் பராமரிப்பு. அவர் உழைப்புப் படையிலேயே இல்லை. உண்மையில் அவர் 21: குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவுபவர். தறியை நிறுத்தாமல் ஓட்டுவது அவர் சுற்றும் தார்தான்.

சங்கம் நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்வதால் "கூலி ஆள்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் தப்பு. வீட்டில், சொந்தத் தறியில், உருப்படிக் கூலிக்கு நெய்பவர் சுயதொழில் பக்கம்தான் போக வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா
9 ஆகஸ்ட் 2025

சரி, 92-ல மறையுறவங்களையும் சேர்த்துக்கிட்டாலும் கட்டடம்தானே பெருசு? காரைக்குடி நூறடி ரோட்டுல நின்னு பார்த்தாலே தெரியும்.

கணக்கப்பிள்ளை
10 ஆகஸ்ட் 2025

நூறடி ரோட்டில் நின்று பார்த்தால் கடைதான் பெரிது! கண்ணில் படுவது எல்லாம் கணக்காகாது.

கட்டுமானத்தின் எடையை நானும் ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் அதன் ஆவணத்தில். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியப் பதிவை எடுத்து ஆள் கணக்கு என்று காட்டுவார்கள். பதிவு உதவித்தொகைக்காகச் செய்வது. வேலையை விட்டவர் அட்டையைத் திருப்பிக் கொடுப்பதில்லை, வேலை செய்கிற சித்தாள் பலருக்கு அட்டையே இல்லை. இரண்டு பிழையும் எதிரெதிர்த் திசை, ஆனால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும் என்று யாரும் உறுதி தரவில்லை.

வருங்கால வைப்புநிதிப் பட்டியலும் ஆகாது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குத்தான் கட்டாயம். தலைமை அலுவலகம் சென்னையில் இருந்தால் இங்கே வேலை செய்பவரும் சென்னைக் கணக்கில் போவார்.

ஓரளவு கைகொடுப்பது உள்ளாட்சியின் தொழில்வரிப் பதிவேடு. அரையாண்டுக்கு ஒருமுறை வசூல். பள்ளி, வங்கி, அலுவலகம், கடை எல்லாம் அதில் இருக்கும், தினக்கூலி இருக்காது. சம்பளக்காரர் பக்கத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டு, கூலிப் பக்கத்துக்கு வீடு வீடாகப் போவதுதான் வழி.

ஊருணிக்கரை
10 ஆகஸ்ட் 2025

காரைக்குடி என்றால் கல்வியை விட்டுவிட்டுப் பேச முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறப்பு. அழகப்பா கல்லூரி 1947, பல்கலைக்கழகம் 1985. இந்த அளவுள்ள ஊரில் பிரிவு 72, அதாவது அறிவியல் ஆராய்ச்சி, கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பது அபூர்வம். 2011-இல் நகராட்சி மக்கள்தொகை 1,06,714 மட்டுமே.

கணக்கப்பிள்ளை
11 ஆகஸ்ட் 2025

இங்கேதான் "எத்தனை பேர்" என்பதோடு "மாநிலத்தைவிட எத்தனை மடங்கு" என்பதையும் கேட்க வேண்டும். உள்ளூரில் அந்தத் துறையின் பங்கை மாநிலத்தில் அதன் பங்கால் வகுக்க வேண்டும். கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு கற்பனை எண்: ஊரில் 10,000 உழைப்பாளர், அதில் கல்வியில் 1,000. மாநிலத்தில் 10,000-க்கு 500. விடை 2. ஒன்றுக்கு மேல் இருந்தால் ஊர் தன் தேவைக்கு மிஞ்சி அதைச் செய்து வெளியாருக்கு விற்கிறது என்று பொருள். மாணவர் வெளியூர், கட்டணம் வெளியூர்ப் பணம்.

அதே ஊரில் கட்டுமானத்தில் 1,500 பேர், மாநிலத்திலும் 10,000-க்கு 1,500 என்றால் விடை 1. ஆள் கல்வியைவிட அதிகம், ஆனால் ஊரைத் தனித்துக் காட்டும் துறை அது அல்ல. ரஸ்தா கேட்டது முதல் கேள்வி. டைல்ஸ், கண்டாங்கி என்று பேசுகிறவர்கள் தெரியாமலேயே இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். பிரிவு 23-இல் சிமெண்டுப் பொருளுக்குள் ஆத்தங்குடியைத் தனியே எடுத்தால் மடங்கு எகிறும், தலை எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும்.

இந்த வகுத்தலில் ஒரு கண்ணி: துறையைப் பொடிப்பொடியாகப் பிரித்தால் எந்த ஊரும் எதிலாவது உலகத்திலேயே முதலிடம். இரண்டு இலக்கக் குறியீட்டுக்குக் கீழே இறங்கினால், குறைந்தபட்சம் தலை எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஊருணிக்கரை
14 ஆகஸ்ட் 2025

கட்டுமானத்துக்கு 1 என்று விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே கட்டுமானம் வெளிப்பணத்தில் ஓடுவது இன்று நேற்றல்ல. பர்மாவில் செட்டியார்களின் லேவாதேவி நடந்த காலத்தில் கடை ஊழியர்களான மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் மூன்று வருடக் கணக்கில் ரங்கூனில் இருந்தார்கள். அவர்கள் சம்பாதித்த துறை நிதி, இடம் பர்மா. ஊரில் அந்தப் பணம் கொடுத்த வேலை கொத்து, தச்சு, சுண்ணாம்பு அரைத்தல், கடுக்காய்த் தண்ணீரும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் சுவர் பூசுதல். 1930-களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் கைக்கு வந்தது. தென்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம், 1938-இல் ஏறத்தாழ 25 சதவீதம். 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் எல்லாம் முடங்கியது. இங்கே பெரிய வீடு கட்டுவதும் ஏறக்குறைய அந்த நாற்பதுகளோடு நின்றது. நிதித்துறையில் அடி விழுந்ததை ஊர்க் கொத்தனார்தான் கூலியில் கண்டார்.

இன்றைக்கு அந்த இடத்தில் சிங்கப்பூர், வளைகுடா, சென்னைச் சம்பளம். அனுப்புகிறவர் நம் பட்டியலில் இல்லை, அவர் வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறவர் இருக்கிறார்.

கணக்கப்பிள்ளை
14 ஆகஸ்ட் 2025

இதை ஏற்கிறேன். மடங்குக் கணக்கு பொருள் வெளியே போவதைத்தான் மோப்பம் பிடிக்கும், பணம் உள்ளே வருவதைப் பிடிக்காது. 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கும்போதே காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளை திறந்ததற்குக் காரணமும் இந்தப் பணப் பாதைதான். அப்படியென்றால் கட்டுமானத்தைக் குறைந்தது மூன்றாக உடைக்க வேண்டும்: அரசுப் பணி, உள்ளூர் வருமானத்தில் கட்டும் வீடு, வெளிவருமானத்தில் கட்டும் அல்லது பழுதுபார்க்கும் வீடு. கொத்தனாரிடம் கேட்டால் தெரியாது. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும்.

சரக்கு மாஸ்டர்
15 ஆகஸ்ட் 2025

கட்டுறதை மட்டும் எண்ணுறீங்க, பிரிக்கிறதை? பங்காளிகளுக்குள்ள ஒத்துவராம வீட்டைப் பிரிச்சா தேக்குத் தூணு, நிலை, கதவு, உத்தரம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருது. அது என்ன துறை?

கணக்கப்பிள்ளை
15 ஆகஸ்ட் 2025

இடித்துப் பிரிப்பது 43. பழம்பொருளைக் கடையில் விற்பது 47. அந்தத் தூணை இழைத்துப் புது ஹோட்டலுக்கு மேசையாக்கினால் 31, அறைகலன். ஹோட்டல்காரர் 55. சினிமா எடுக்க அதே வீட்டை வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கு 68, படப்பிடிப்புக் குழுவுக்கு 59, அன்றைக்குச் சோறு போட்டவருக்கு 56. சரக்கு மாஸ்டர் மறுபடி வந்துவிட்டார்.

கண்ணாடிப் பலகை
15 ஆகஸ்ட் 2025

கரிமூட்டம்? சீமைக் கருவேலம் வெட்டி, அடுக்கி, மண்ணு மூடிச் சுடுறது. உற்பத்தியா?

கணக்கப்பிள்ளை
15 ஆகஸ்ட் 2025

வெட்டுகிற இடத்திலேயே பழைய முறையில் சுட்டால் 02, காடு சார்ந்த தொழில். காடே இல்லாத கண்மாய்க்கரையிலும் குறியீடு அதுவே.

பாவுநூல்
21 ஆகஸ்ட் 2025

ஆடி முடிந்து முகூர்த்தம் தொடங்கிவிட்டதால் ஒரு குறிப்பு. உழைப்புப் படை ஆய்வில் "கடந்த 7 நாள்" என்று ஒரு கேள்வி உண்டு. ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர். ஆடியிலும் மார்கழியிலும் கேட்டால் பந்தி பரிமாறுபவர், பந்தல்காரர், பாத்திரம் துலக்கும் பெண்கள் எல்லாரும் வேலையில்லாதவர் அல்லது வீட்டில் இருப்பவர். தை, வைகாசியில் கேட்டால் எல்லாருக்கும் வேலை. வாரக் கணக்கை வைத்துச் செட்டிநாட்டின் சமையல் தொழிலைப் பேசுகிறவர் முதலில் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா
30 ஆகஸ்ட் 2025

நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ஊரை மட்டும் எண்ணலாம்னு இருக்கோம். 400 வீடு வரும், பாதி பூட்டிக் கிடக்கு. எப்படிச் செய்றது?

கணக்கப்பிள்ளை
31 ஆகஸ்ட் 2025

நல்லது. செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

தெரு வாரியாக எல்லாக் கதவையும் எண் போட்டு எழுதுங்கள், பூட்டிய வீடு உட்பட. பூட்டிய வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஆள் இருக்கும் வீடுகளின் கனம் கூடிவிடும். பெரிய வீட்டில் பத்துப் புள்ளி (மணமான குடும்பம்) இருந்தாலும் எல்லாரும் வெளியூர் என்றால் பூஜ்யம். ஆனால் பின்கட்டில் காவலாள் குடும்பம் இருந்தால் அது ஒரு தனி வீடு. இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். அந்தக் காவலாளுக்குச் சம்பளம் வீட்டுக்காரர் கொடுத்தால் 97, செக்யூரிட்டி நிறுவனம் கொடுத்தால் 80.

ஆள் இருக்கும் வீடு 200 என்றால் எல்லாவற்றையும் எண்ணிவிடுங்கள். மாதிரி எடுக்கிற அளவுக்குப் பெரிய ஊர் இல்லை.

"என்ன வேலை?" என்று கேட்காதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஆடி முதல் ஆனி வரை பன்னிரண்டு கட்டம் போட்டு, மாதத்துக்கு எத்தனை நாள், எங்கே, யார் காசு கொடுத்தார், அந்த இடம் என்ன செய்கிற இடம் என்று கேளுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும். புருஷனிடம் கேட்டால் 92 தான் வரும்.

பிறகு நாளாகக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு ஒருவர்: புழுதி விதைப்பு, களையெடுப்பு, தை அறுப்பு சேர்த்து 90 நாள், நூறுநாள் வேலையில் 60, கல்யாணத்தில் பாத்திரம் துலக்க 80, சித்தாளாக 70. மொத்தம் 300. மக்கள்தொகைக் கணக்கு இவரை முதன்மை உழைப்பாளர், விவசாயக் கூலி என்று போடும். 300-இல் 210 நாள் வேறு வேலை, அது தாளில் இல்லை. நீங்கள் 300 நாளை ஒரு முழு ஆள் என்று வைத்தால் வயலுக்கு 0.30, நூறுநாள் வேலைக்கு 0.20, சமையலுக்கு 0.27, கட்டடத்துக்கு 0.23.

கடைசியில் இரண்டு அட்டவணை போடுங்கள். ஒன்று முதன்மை வேலைப்படி ஆள், மற்றது துறைப்படி நாள். விவசாயக் கூலி முதல் அட்டவணையில் உப்பி, இரண்டாவதில் சுருங்கும். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம், ஒரு போகம் என்றால் வேறு மாதிரி வர வழியில்லை.

தேவகோட்டை ரஸ்தா
31 ஆகஸ்ட் 2025

அப்ப நான் சொன்ன கட்டட வேலை?

கணக்கப்பிள்ளை
31 ஆகஸ்ட் 2025

நாள் அட்டவணையில் ஏறும், ஆள் அட்டவணையில் இறங்கும். டைல்ஸையும் பலகாரத்தையும் இரண்டிலுமே கீழே தேடுங்கள். மேலே போட்டி கட்டடம், கடை, வயல், நூறுநாள் வேலை, பள்ளிக்கூடம் ஐந்துக்கும்தான்.

பாவுநூல்
1 செப்டம்பர் 2025

படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: வேலை நடக்கும் இடம் இந்த ஊரா, பேருந்தில் போய்வரும் ஊரா, தங்கி வேலை செய்யும் ஊரா. இல்லையென்றால் காரைக்குடிக் கடைகளில் வேலை செய்யும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளை வைத்து, உங்கள் ஊரையே "சில்லறை வியாபார ஊர்" என்று கணக்கு காட்டிவிடும். ஊரில் ஒரு பெட்டிக்கடைதான் இருக்கும்.

சரக்கு மாஸ்டர்
1 செப்டம்பர் 2025

ஆவணி முகூர்த்தம் நடக்குது, இப்ப போனீங்கன்னா எங்க ஆளு ஒருத்தரும் வீட்ல இருக்க மாட்டாங்க. புரட்டாசியில வாங்க.

தேவகோட்டை ரஸ்தா
2 செப்டம்பர் 2025

புரட்டாசி முதல் வாரம் வச்சிக்கிறோம். மழை பிடிக்குமுன்ன முடிச்சிரணும். கதவு எண் பட்டியல் கிழக்குத் தெருவுக்குப் போட்டாச்சு: 61 கதவு, 34 பூட்டு, அதுல 5 வீட்டுல பின்கட்டுல குடும்பம் இருக்கு. கணக்கப்பிள்ளை அண்ணே, அந்த அஞ்சையும் தனி வரியாப் போட்டுட்டேன்.

கணக்கப்பிள்ளை
2 செப்டம்பர் 2025

சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதையும் அந்த வரியிலேயே எழுதிவிடுங்கள் தம்பி. குறியீடு போடும்போது திரும்ப ஒரு நடை மிச்சம்.